உள்ளொட்டுத் தடுப்பு மையத்தின் தொடக்க நடை

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சரிந்திருந்த குரல்காரர் மருத்துவமனைக்குப் போன் போட்டபோது, மறுமுனையில் எடுத்தது அவரேதான்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருங்கள். உங்கள் பொறுமையே எங்கள் பெருமை" என்றது அவருடைய குரல், குழைந்து, கனிந்து, துளியும் அவசரம் இல்லாமல்.

அவருக்குத் தொழிலே அதுதான். பேருந்தில் அடுத்த நிறுத்தம் எதுவென்று சொல்வது அவர். லிஃப்டில் கதவு மூடுகிறது என்று எச்சரிப்பது அவர். வங்கிக்குப் போன் செய்தால் எந்த எண்ணை அழுத்தினால் எந்த ஏமாற்றம் கிடைக்கும் என்று விளக்குவதும் அவர்தான். ஊரில் பாதிப்பேர் முகம் தெரியாமலே அவரைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் புகழ் என்று கணக்கில் வைத்திருந்தார்.

மருத்துவமனைக்காரர்கள் அன்றைக்குப் பதிவு செய்ய வந்தபோது, காத்திருக்கச் சொன்னால் போதும் என்றுதான் கேட்டார்கள். பொறுமையையும் பெருமையையும் எதுகை போட்டுச் சேர்த்தது குரல்காரரின் சொந்தச் சரக்கு. நடுவில் கொஞ்சம் புல்லாங்குழல் வந்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவரும் அவரே. இப்போது அந்தப் புல்லாங்குழல்காரன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரிக் குடலை வைத்துக்கொண்டு அவர் தரையில் கிடந்தார்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாமல் "பிரேக்" என்று சொல்லிப் பழகியவர். போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"உங்ககிட்ட நீங்களே எவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருப்பீங்க? எழுந்திருங்க" என்றார்.

பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். குரல்காரர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தார். வயிறு இழுத்துப் பிடித்தபோதெல்லாம் கால் நீண்டு பிரேக்கை மிதித்தது. நடுத்தெருவில் வண்டி நின்று நின்று போனது. பின்னால் வந்தவர்கள் அந்த அம்மா இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்துத் திட்டினார்கள். வாழ்நாளில் அவர் மனைவி கணவனுக்காகக் கேட்டுக்கொண்ட வசவுகளில் அதுதான் மிகவும் தாங்க முடியாதது என்று பிற்பாடு சொன்னார்.

ஊசி போட்டு வலி அடங்கி, படம் எடுத்துப் பார்த்த பிறகு, அறுவை மருத்துவர் வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் குட்டையான, களைத்த முகம் கொண்ட பெண்மணி. பேசும்போதே அடுத்த ஆளைப் பார்க்கப் போகக் கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அவருக்கு அறை கிடையாது. நடைபாதையில், அழுக்குத் துணி ஏற்றிய ஒரு தள்ளுவண்டிமேல் படத்தை விரித்து வைத்துத்தான் விளக்கினார்.

"முன்னாடி உங்களுக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் பண்ணாங்கல்ல, அதோட மிச்சம் இது. உள்ளே புண் ஆறும்போது எது யாரோட பக்கத்துலன்னு உடம்புக்குப் பாக்கத் தெரியாது. பக்கத்துல இருக்கறதை எல்லாம் சேர்த்து ஒட்டி வெச்சிடும். வழுக்கிக்கிட்டு நகர வேண்டிய குடல், வயித்துச் சுவரோட ஒட்டி, மடங்கி நிக்குது."

மனைவி அதை யோசித்துப் பார்த்தார். "இவரு சொந்தத் தங்கச்சியோடகூட ஒட்ட மாட்டாரே டாக்டர். குடலுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது இவ்வளவு பாசம்?"

மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிக்க முடியாத பாதியைச் சொன்னார். ஒட்டியதைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரித்த இடமும் ஒரு புண்தான்; ஆறும்போது அதுவும் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் முடிந்தவரை சின்னத் துளைகள் வழியாகவே செய்வார். குடலைக் கசக்காமல், உலரவிடாமல் கையாள்வார். ரத்தத்தைக் கழுவி எடுத்துவிட்டு, புண்ணுக்கும் குடலுக்கும் நடுவே மெல்லிய தாள் போன்ற ஒன்றை வைப்பார். புண் மூடும்வரை அது இரண்டையும் விலக்கி வைத்திருந்துவிட்டுத் தானாகவே கரைந்துவிடும்.

"அப்புறம் நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார் குரல்காரர்.

"சீக்கிரமா எழுந்து நடக்கணும். நடந்தா ஒட்டவே ஒட்டாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா குடல் முழிச்சுக்கும். தூங்கற குடல் வீங்கும். எனக்கு அதுதான் பயம்."

இவ்வளவையும் ஏன் தள்ளுவண்டி ஓரமாக நின்று பேச வேண்டும் என்று மனைவி கேட்டார். மருத்துவர் கையை நீட்டிக் காட்டினார். அவருடைய பழைய அறையும் பக்கத்து இரண்டு அறைகளும் சுவர் இடித்து ஒன்றாக்கப்பட்டிருந்தன. கண்ணாடிக் கதவுக்குமேல் பெரிய எழுத்தில் 'உள்ளொட்டுத் தடுப்பு உயர்மையம்' என்றிருந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு குடல் நின்றது. அதற்குள் நீலமும் பச்சையுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் மட்டும் எங்கேயும் அடைப்பு இல்லை.

மையத்தின் இயக்குநரும் மருத்துவர்தான். நோயாளியைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது. தொடாமலே பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சேர்க்கைப் பதிவு கவுண்டரில் குரல்காரர் தன் வயதைச் சொன்னதைக் கேட்டே அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். தினமும் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு விலகி நிற்பதாகச் சொன்னார்.

"ஐயா, ஒட்டினதைப் பிரிக்க மாடியில டாக்டருங்க இருக்காங்க. அது வெறும் வேலை. எங்களுது அதுக்கு மேல. விழிப்புணர்வு. ஆனா பாருங்க, உங்க குரல் இல்லாம இந்த மையம் ஊமையா கிடக்குது."

கிடக்கும் ஊமையைப் பார்த்து மனம் இளகாதவர் உண்டா. மறுநாள் காலை அறுவை என்பதால் ஓய்வெடுக்கும்படி அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குரல்காரர் அன்று சாயங்காலம் முழுவதும், கையில் ஏறிய சலைன் ஊசியோடு, பிளாஸ்டிக் குடலின் நிழலில் உட்கார்ந்து பதிவு செய்தார். "எழுந்திருங்கள். நடந்திடுங்கள். ஒட்டுதலை ஓட்டிடுங்கள்." இயக்குநர் முதல் தடவையே பிரமாதம் என்றார். கடைசிச் சொல்லில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் சேர்க்கலாம் என்று விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பப் பேசியவர் குரல்காரர்தான். கூலி ஒன்றும் பேசவில்லை. பேசினால் கலை கெட்டுவிடும் என்று நினைத்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும் நேரத்தில், எங்கோ உயரத்திலிருந்து ஒரு குரல் அவரை எழுந்திருக்கச் சொன்னது. அது தன் குரலாகவே இருந்ததால், தான் செத்துவிட்டோம், ஆவி மேலே நின்று கூப்பிடுகிறது என்று நினைத்தார். சாவிலும் உச்சரிப்பு பிசகவில்லையே என்று அந்த நிலையிலும் ஒரு திருப்தி வந்தது. பிறகுதான் கூரையில் இருந்த ஒலிபெருக்கி கண்ணில் பட்டது.

மணிக்கொரு தரம் அது பேசியது. வார்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு சுமைக்காரர், குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார். ஒலிபெருக்கி ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"யாருண்ணே இவன்? அலமாரியைத் தூக்கித் தலைமேல போடணும் போல இருக்கு. எழுந்திரு எழுந்திருன்னு கத்தறான், எழுந்தா விடறாங்களா?"

குரல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டைக் குரலில், "யாரோ தெரியலைப்பா" என்றார். அன்று முதல் வார்டில் அவர் வாயைத் திறந்தால் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரியே பேசினார்.

சுமைக்காரர் சொன்னது உண்மைதான். குரல்காரர் சாயங்காலமே எழுந்து பார்த்தார். முதுகு மெத்தையை விட்டு ஒரு சாண் விலகியதும், அடியில் பொருத்தியிருந்த அலாரத்தால் கட்டில் அலறியது. தலைமைச் செவிலியர் ஓடி வந்து அவரை மறுபடி அமுக்கிப் படுக்க வைத்தார். நல்ல அம்மாள். கால் வீங்கிய பெண். பார்க்கும்போதே தான் படுத்துக்கொள்ளலாமா என்று ஏங்குகிற மாதிரித் தெரியும். அவர் விவரம் சொன்னார். உயர்மையம் வந்ததிலிருந்து நடப்பது மையத்தின் பொறுப்பு. நடை அலுவலர் கூட வராமல் யாரும் நடக்கக் கூடாது. நடை அலுவலர்கள் இரண்டு பேர் உண்டு. 'சீக்கிரம் நடப்பதன் முக்கியத்துவம்' என்ற கருத்தரங்குக்காக இருவரும் வெளியூர் போயிருக்கிறார்கள். உட்கார்ந்து கேட்கிற கருத்தரங்கு. முடிய இன்னும் சில நாளாகும்.

"அப்போ நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க சிஸ்டர்" என்றார் மனைவி.

எங்கே நடக்க வைப்பது என்று செவிலியர் கதவைத் திறந்து காட்டினார். நடைபாதை நெடுகிலும் தங்க நிறத்தில் பாதச் சுவடுகள் வரைந்திருந்தார்கள். அதன் குறுக்கே ஒரு பட்டு ரிப்பன். தர ஆய்வுக் குழு வந்து அதை வெட்டித் திறந்து வைக்கும்வரை அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. சுவடுகள் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வண்டி அதனால் பின்பக்கமாகச் சுற்றி வந்தது.

மனைவி நேராக இயக்குநரிடம் போனார். குரல்காரரையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சக்கர நாற்காலி நடை ஆகாது என்பதால் அதற்குத் தடை இல்லை. இயக்குநர் அவர்களை மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார். மனைவி நின்றுகொண்டே இருந்தார்.

"அம்மா, நோயாளிங்க நடக்கணும்ங்கறதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதுக்காகத்தானே மையமே. ஆனா தன்னிச்சையா நடக்கறாங்க பாருங்க, அங்கதான் ஆபத்து. முன்னெல்லாம் எழுந்து நடந்து, விழுந்து, அது இதுன்னு புகார். மையம் வந்ததுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தர் கீழ விழலை. தெரியுமா?"

"எழுந்தாத்தானே விழ?" என்றார் மனைவி.

"அதேதான். மிகச் சரியா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார் இயக்குநர், மனமார.

பிறகு அவர் குரல்காரர் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். ஆய்வுக் குழு நாளைக்கு வருகிறது. ரிப்பனை வெட்டியதும் ஒரு நோயாளி அந்தத் தங்கச் சுவடுகளில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். அதற்குத் தொடக்க நடை என்று பெயர். யாரோ ஒருவரை நடக்க வைப்பதைவிட, ஊரே அறிந்த குரலுக்குச் சொந்தக்காரர் நடந்து, முடிவில் மைக்கில் இரண்டு வார்த்தையும் சொன்னால் எப்படி இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை அவர் நடந்திருக்கக் கூடாது. முதல் அடி என்றால் உண்மையிலேயே முதல் அடியாக இருக்க வேண்டும். குழுவினர் அதையெல்லாம் கேட்பார்கள்.

மனைவி கணவனைப் பார்த்தார். மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த அம்மாளுக்கு நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

குரல்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "இரண்டு வார்த்தைன்னா, எழுதிக் கொடுப்பீங்களா, நானே தயார் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார்.

 வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவி நாற்காலியைத் திருப்பங்களில் வழக்கத்தைவிட வேகமாகத் திருப்பினார்.

மறுநாள் குழு வரவில்லை. அவர்களுடைய வண்டி எங்கேயோ நின்றுவிட்டதாம். நடை இன்னொரு நாள் தள்ளிப்போனது. குரல்காரரின் வயிறு தள்ளிப்போடத் தெரியாமல் உப்ப ஆரம்பித்தது. வயிற்று அறுவைக்குப் பிறகு ஒரு மனிதனிடம் உலகம் கேட்பது ஒரே கேள்விதான். காலையில் செவிலியர் கேட்டார். கூட்டுகிற அம்மாள் கேட்டார். ரத்தம் எடுக்க வந்தவர் கேட்டார். "காத்து பிரிஞ்சுதா?" கார் கற்றுக்கொள்ளும் மாணவி ஒருத்தி பழங்களோடு பார்க்க வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு அவளும் கேட்டாள். போனில் அவருடைய மாமியார் கேட்டார். பக்கத்துக் கட்டில் சுமைக்காரருக்கு முதல் நாளே ஆகிவிட்டது. அதை அவர் வார்டு முழுவதும் அறிவித்து, வாழ்த்துகளையும் கஞ்சியையும் பெற்றுக்கொண்டிருந்தார்.

குரல்காரர் இத்தனை வருடத் தொழிலில், மைக் முன்னால் எச்சில் விழுங்கும் ஓசைகூடக் கேட்காதபடி வாழ்ந்தவர். இப்போது ஊர்கூடி அவரிடமிருந்து ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அது மட்டும் வரவில்லை.

விழா நாள் காலை அறுவை மருத்துவர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"சத்தமே இல்லையே" என்றார்.

குரல்காரரைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வலியைவிட அது உறைத்தது.

நடந்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். இன்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று குரல்காரர் முனகினார். நடப்பதற்கு என்ன ஏற்பாடு என்று மருத்துவருக்குப் புரியவில்லை. செவிலியரைப் பார்த்தார். செவிலியர் மையத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். மனைவி, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம், ரிப்பனும் தங்கப் பாதமும் இரண்டு வார்த்தையும் உட்பட, ஒரே மூச்சில் சொன்னார்.

மருத்துவர் கோபப்படவில்லை. கோபப்பட நேரம் இல்லை. மாடியில் ஒருவருடைய வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள குடல் அசையலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டு வயித்தைக் காலி பண்ணணும். அதுலயும் சரியாகலைன்னா திரும்பத் திறந்து பாக்கற மாதிரி ஆகும். நான் பிரிச்சு வெச்சதெல்லாம் வீண். யாருக்காக சார் படுத்துக் கிடக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூக்கு வழியாகக் குழாய் என்றதும் குரல்காரருக்கு முதலில் தோன்றியது, பேச்சு மூக்கால் வருமே என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக உடனே அவருக்கே வெட்கமாகிவிட்டது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது முழுசாக வந்தது. எழுந்து நடக்கட்டுமா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள், புதுத் துணி விரித்த நாற்காலியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். விழா தொடங்கிவிட்டது.

ரிப்பனுக்கு இந்தப் பக்கம் அவரை நிறுத்தி வைத்தார்கள், சக்கர நாற்காலியோடு. உடம்பில் மருத்துவமனை கொடுத்த அங்கி. அந்த அங்கியைத் தைத்தவர்கள் முன்பக்கத்துக்கு மட்டும் மானம் உண்டு என்று முடிவு செய்திருந்தார்கள். கையில், மருத்துவமனை முழுவதும் கேட்கும்படி இணைத்த மைக். வார்டில் இருந்த மற்றவர்களைக் கட்டிலோடு வாசல்வரை உருட்டி வந்து, பார்வையாளர்களாக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஆய்வுக் குழுவினர் முன்வரிசையில் மெத்தை நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள்.

இயக்குநர் பேச ஆரம்பித்தார். அசைவே உயிர் என்றார். கல் அசையாது, அதனால் அதற்கு உயிரில்லை என்றார். இந்த மையத்துக்கான சிந்தனை தனக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தபோது உதித்தது என்றும், உதித்த பிறகு தான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றும் உருக்கமாகச் சொன்னார். உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது எவ்வளவு பெரிய கேடு என்று விளக்கினார். கூடவே, தன் பதவிக்காலத்தை மூன்றாம் முறையாக நீட்டித்த நிர்வாகத்துக்கு நன்றி சொன்னார். மையத்தில் மொத்தம் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அந்த எண்ணிக்கை இன்றோடு ஒன்று ஆகப்போகிறது, இது முடிவில்லாத வளர்ச்சி விகிதம் என்றார் இயக்குநர். குழுவினர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்கள்.

குரல்காரரின் வயிறு பறை மாதிரி இறுகியிருந்தது. நெற்றியில் வியர்வை. பேச்சு முடிகிற அறிகுறியே இல்லை. முடிவுரை என்று சொன்ன பிறகு மூன்று பேரைப் பற்றி முன்னுரை வந்தது. அவர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குழைவு, அந்த எதுகை, அந்த வேண்டாத இழுப்பு எல்லாமே அவருக்குப் பழக்கமானவை. இந்த மனிதருக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஒரே தொழில்தான். இவர் உட்கார்ந்துகொண்டு செய்கிறார், நான் படுத்துக்கொண்டு செய்கிறேன்.

அவர் மனைவி பக்கம் தலையைத் திருப்பினார். "என்னை எழுப்பி விடு" என்றார். ஜலதோஷக் குரலில் இல்லை, சொந்தக் குரலில்.

மனைவி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அக்குளில் கை கொடுத்தார். "அவசரப்படாதீங்க. முதல் கியர். இடது கால். ம்… விடுங்க, மெதுவா விடுங்க. இப்போ அடுத்தது."

அவர் ஒரு கையால் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டார். மறுகையைப் பின்னால் கொண்டுபோய் அங்கியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மானம் காக்கும் அவசரத்தில், அந்தக் கையில் மைக் இருந்தது அவர் நினைவில் இல்லை. மார்பு பட்டதும் ரிப்பன் நெகிழ்ந்து விழுந்தது. காவலாளி எழுந்து, மரியாதையா தடையா என்று தெரியாமல், பாதியில் நின்றார். இயக்குநர் பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் சிலருக்கு நன்றி பாக்கி இருந்தது.

"அண்ணே, இருங்க, நானும் வரேன்" என்று சுமைக்காரர் கட்டிலை விட்டு இறங்கினார். அவருடைய கட்டில் அலறியது. அவரைப் பார்த்து இன்னொருவர் இறங்கினார். அந்தக் கட்டிலும் அலறியது. ஆளாளுக்கு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, அலறும் கட்டில்களை விட்டுவிட்டுத் தங்கப் பாதங்களை மிதித்துக்கொண்டு வந்தார்கள். தலைமைச் செவிலியர் ஒவ்வொரு கட்டிலாகப் போய் அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கடைசி ஒயரைப் பிடுங்கியதும், இயக்குநர் அடுத்த நன்றிக்காக மூச்சு வாங்க நிறுத்தவும், நடைபாதையில் திடீரென்று அமைதி விழுந்தது.

அந்த அமைதியில்தான் அது நிகழ்ந்தது.

குரல்காரருக்கு முதலில் உள்ளே எங்கோ ஏதோ நழுவியது போல இருந்தது. பிறகு உருண்டது. நிறுத்தலாமா என்று யோசிக்க அவகாசம் இல்லை. பின்பக்கம் பிடித்திருந்த மைக் தன் கடமையைச் செய்தது. வார்டில், வாசலில், மருந்துக் கடையில், லிஃப்டுக்குள், மாடியில் அறுவை அரங்கில் என்று மருத்துவமனையின் அத்தனை ஒலிபெருக்கிகளிலும் அது நிறுத்தி, நிதானமாக, துளியும் பிசிறில்லாமல் ஒலித்தது. அவர் தொழில் வாழ்க்கையில் ஒத்திகை இல்லாமல், ஒரே தடவையில் சரியாக அமைந்த பதிவு அது ஒன்றுதான்.

தலைமைச் செவிலியர் இரு கைகளையும் சேர்த்துக்கொண்டார். "பிரிஞ்சிடுச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வார்டு மேசையில் போன் அடித்தது. அறுவை அரங்கிலிருந்து மருத்துவர் சொல்லச் சொன்னதாக ஒருவர் பேசினார். அது அவர்தானே, என்று கேட்டாராம். ஆமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிக்கலாம்.

குரல்காரர் சுவரைப் பார்த்து நின்றார். முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. வயிறு மட்டும், கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி, இறங்கி இளகிக்கொண்டிருந்தது. மனைவி அவர் காதருகே குனிந்து, "வண்டி நின்னுடக் கூடாது. போய்க்கிட்டே இருங்க" என்றார். அவர் சிரித்தார். தையல் வலித்தது. வலியோடேயே சிரித்தார்.

ஆய்வுக் குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். இயக்குநர் அரைக் கணம்தான் தடுமாறினார். "இதுதான் எங்கள் மையத்தின் விளைவு. உங்கள் முன்னிலையில், நேரடி ஒலிபரப்பாக" என்று முடித்தார். மையத்துக்கு மிக உயர்ந்த தரச் சான்று கிடைத்தது. செயல்விளக்கம் உயிரோட்டமாக இருந்ததாகக் குழு எழுதியிருந்ததாம். இயக்குநரின் பதவி நான்காம் முறையாக நீண்டது. அறுவை மருத்துவருக்கு அறை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பிடுங்கிய ஒயர்களைத் தலைமைச் செவிலியர் திரும்பச் செருகவில்லை. பழுது என்று சொல்லிவிட்டார். நோயாளிகள் நடந்து நடந்து தங்கப் பாதங்கள் தேய்ந்துபோயின. சுமைக்காரர் தினமும் நடைபாதையின் அந்தக் கோடிவரை போய்வந்தார். ஒலிபெருக்கியில் பேசியவன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "உங்க பேச்சுலயே அன்னிக்குப் பேசினதுதான் அண்ணே நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பகை பாராட்டவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குரல்காரர் அறுவை மருத்துவரிடம், மறுபடி ஒட்டுமா என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் அவர். "எங்கேயாவது கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். நிறைய பேருக்கு ஒட்டியிருக்கறதே கடைசிவரைக்கும் தெரியாது. வலிச்சா, வாந்தி வந்தா, போன் பண்ணிக்கிட்டு இருக்காம நேரா வந்துடுங்க."

இவ்வளவு சின்னப் பதிலை அந்த மருத்துவமனையில் வேறு யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதில் எதுகையும் இல்லை, உறுதியும் இல்லை. இருந்தாலும் அவர் அதை நம்பினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை. கணவனும் மனைவியும் கடைத்தெரு வழியாக நடந்துகொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு செருப்புக்கடை திறக்கிறார்கள். வாசலில் பூமாலை, நாற்காலிகள், மைக். ஆட்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் குரல்காரரைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஐயா தெய்வமாக வந்தீர்கள், உங்கள் குரலால் ஒரு இரண்டு வார்த்தை, இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று மைக்கைக் கையில் திணித்தார்.

குரல்காரர் நின்றுவிட்டார். அதை மறைப்பதற்கில்லை. கை தானாக மைக்கைச் சரியான தூரத்தில் பிடித்தது. தொண்டை தானாகக் குழைய ஆரம்பித்தது. பாதத்துக்கும் பாதைக்கும் எதுகை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு, கடையின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் அமைதியானது.

"வழி விடுங்க" என்றார் குரல்காரர். மைக்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.